அடம்பிடிக்கும் குழந்தையைச் சுற்றி நிற்பவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, மாம்பலம் ரயில் நிலைய நடைமேடையில், மூன்று வயது நிரம்பிய என் பேரன் மல்லாந்து படுத்துக் கால்களை உதைத்துக்கொண்டு, தொண்டை கம்மும் அளவுக்குக் கத்தி அழுதான். நடைமேம்பாலத்தின் படிகளில் தானாகவே இறங்க வேண்டும் என்று கையை உதறிக்கொண்டிருந்தவனை, பின்னால் கூட்டம் நெருக்குகிறதே என்ற பதற்றத்தில், நான்தான் தூக்கி இடுப்பில் வைத்துக் கீழே கொண்டுவந்து விட்டேன். "நானே இறங்கணும், திரும்ப மேல போகணும்" என்பதுதான் அவன் கேட்டது முழுவதும். பெரியவர்களுக்கு அது அற்பமாகத் தெரியலாம். ஒரு படிக்கு ஒரு கால் என்று மாற்றி வைத்து இறங்க அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த குழந்தைக்கு, அந்தப் படிக்கட்டு அன்றைய நாளின் பெரிய காரியமாக இருந்திருக்கிறது என்பது, வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரு நிமிடத்துக்குள் எங்களைச் சுற்றிப் பத்துப் பேராவது நின்றுவிட்டார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் நின்றார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒருவர் பையிலிருந்து சாக்லேட்டை எடுத்து நீட்டி, "அழாம இருந்தா இது உனக்குத்தான்" என்றார். ஓர் அம்மாள் தம் அருகில் நின்ற சிறுமியைக் காட்டி, "இந்தப் பாப்பா எவ்வளவு சமத்தா நிக்குது பாரு" என்றார். இன்னொருவர், தூரத்தில் நின்ற காவலரைக் காட்டி, "போலீஸ்கிட்ட பிடிச்சுக் கொடுத்திடுவேன்" என்று கண்ணை உருட்டினார். வயதில் மூத்த ஒருவர் என் மகளிடம், "செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க, முதுகுல ஒண்ணு வையும்மா, தானா அடங்கும்" என்றார். ஒவ்வொரு குரலுக்கும் பையனின் அலறல் கூடிக்கொண்டே போனது. என் மகளின் முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது.

இருந்தும் அவள் அவனை அடிக்கவில்லை. முதலில் நடைமேடையின் விளிம்புப் பக்கத்திலிருந்து அவனை அள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரமாக விட்டாள். பிறகு தானும் தரையில் அமர்ந்து, "நீயே இறங்கணும்னு ஆசைப்பட்ட, பாட்டி தூக்கிட்டாங்க, அதான் கோபம்" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். அங்கே கூடையோடு உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, கூடையை இழுத்து எங்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வைத்து, "குழந்தை அழுது முடிக்கட்டும் விடுங்க, வண்டி வருது, போங்க" என்று நின்றவர்களைக் கலைத்துவிட்டார். தாம்பரம் வண்டி ஒன்று வந்து போனது. அடுத்த வண்டிக்கு அறிவிப்பு வருவதற்குள் கத்தல் தேம்பலாகி, தேம்பல் விக்கலாகி, பையன் தானே எழுந்து வந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கொஞ்சம் தண்ணீர் குடித்தான். பூக்காரம்மாவின் விரலிடுக்கில் நார் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்த வண்டியில் ஏறிப் பழவந்தாங்கலில் இறங்கினோம்.

சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் 24 ஆண்டுகள் எல்.கே.ஜி. வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் இரண்டு வாரங்கள், வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழும் குழந்தைகளுக்கு நடுவில்தான் என் வேலை நடந்தது. அந்த அனுபவத்தையும் மீறி, அன்று நடைமேடையில் எனக்குக் கை நடுங்கியது என்றால் அதற்குக் காரணம் குழந்தையின் அழுகை இல்லை, எங்கள்மேல் இருந்த அத்தனை கண்கள்தான். குழந்தை அடம்பிடிக்கும்போது பெற்றோர் நிதானமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நிதானத்தை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் சுற்றி நிற்கும் நாம்தான் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் பாடுவதுதான் கடினம் என்பார்கள். பாட்டுடைத் தலைவனான குழந்தையோடு விளையாட வா என்று நிலவை அழைக்கும் அந்தப் பகுதியில், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் புலவர் கையாள வேண்டும். நீயும் இவனும் ஒப்பு என்று இன்சொல் கூறுவதும், உனக்கும் இவனுக்கும் எவ்வளவு வேற்றுமை என்று எடுத்துக்காட்டுவதும், வந்தால் இன்னது பெறுவாய் என்று ஆசை காட்டுவதும், வராவிட்டால் ஒறுக்கப்படுவாய் என்று அச்சுறுத்துவதும் அவை. மாம்பலத்தில் ஒப்பீடு, ஆசை, அச்சுறுத்தல், அடி என்று அந்த உபாயங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரு நிமிடத்துக்குள் என் பேரன்மேல் வந்து விழுந்தன. எட்டாத நிலவை நோக்கிப் பாடுவதற்கு அவை அழகுதான். மூச்சுமுட்ட அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் காதில் அவற்றில் ஒன்றும் ஏறுவதில்லை.

ஏன் ஏறுவதில்லை என்பதைப் பெரியவர்கள் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒன்றரை வயதையொட்டித் தொடங்கும் இந்த அடம், இரண்டு, மூன்று வயதில் உச்சத்துக்குப் போய், நான்கு வயதுக்குப் பிறகு மெல்ல மெல்லக் குறையும். அந்த வயதில் குழந்தைக்குப் புரிவது அதிகம், சொல்லத் தெரிவது குறைவு. இரண்டு வயதுக் குழந்தை "தண்ணி வேணும்", "அம்மா வா" என்று இரண்டிரண்டு சொற்களாகத்தான் சேர்த்துப் பேசுகிறது. "நான் செய்ய நினைத்த காரியத்தை என்னைக் கேட்காமல் நீங்கள் செய்துவிட்டீர்கள்" என்ற நீண்ட வருத்தத்தை அந்த இரண்டு சொற்களில் எப்படி அடக்குவது? தவிர, எழுந்த உணர்ச்சியை அடக்கி, யோசித்து, காத்திருக்க உதவும் மூளையின் முன்பகுதி, இருபத்தைந்து வயதை ஒட்டியே முழுமையாக முதிர்கிறது என்று மருத்துவம் சொல்கிறது. மூன்று வயதில் அது தொடக்க நிலையில்தான் இருக்கிறது. ஆகவே கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் குழந்தை நம்மை எதிர்க்கத் திட்டம் போடுவதில்லை. அதற்கே தன் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறுகிறது. அந்த நேரத்தில் உபதேசம் செய்வது, வெள்ளத்தில் தத்தளிப்பவனுக்குக் கரையில் நின்று நீச்சல் பாடம் நடத்துவது போலத்தான்.

அமெரிக்காவில் மைக்கேல் பொட்டேகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற இரு ஆய்வாளர்கள், 18 மாதம் முதல் 60 மாதம் வரையிலான குழந்தைகளின் அடத்தைப் பற்றிப் பெற்றோர்களிடம் விவரம் திரட்டி, 2003-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பங்கு அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன என்பது அதில் தெரிந்தது. கத்துவதும் உதைப்பதுமான கோபம் தொடக்கத்திலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். அழுகையும், ஆறுதல் தேடி நெருங்கி வருவதுமான துக்கம் அதன் ஊடே ஓடிக்கொண்டே இருக்கும் என்றும் அவர்கள் கண்டார்கள். நடைமேடையில் நான் பார்த்தது அப்படியே அதுதான். கோபம் வடிந்ததும் பையன் தானாகவே மடியைத் தேடி வந்தான். அந்த ஐந்து நிமிடத்தைக் கடக்கத்தான் நமக்குப் பொறுமை வருவதில்லை.

என் கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1988-ம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம், ரங்கநாதன் தெருவில், இப்போது தாயாகியிருக்கும் இதே மகள், மூன்று வயதில், ஒரு கிலுகிலுப்பைப் பொம்மைக்காகக் கடை வாசலில் உட்கார்ந்து எழ மறுத்தாள். கடைக்காரர் பார்க்கிறார், தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்ற அவமானத்தில், அவள் முதுகில் ஓங்கி அடித்தேன். அடித்த வேகத்தில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து தெறித்தது. அவள் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் உடைந்த வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்ததும் அடங்கிவிட்டது என்று அன்றைக்கு நான் நினைத்தேன். அதன் பிறகு பல மாதங்கள், நான் கையை உயர்த்தித் தலைமுடியை ஒதுக்கினாலே அவள் தோளைக் குறுக்கிக்கொள்வாள். இந்த மாம்பலம் சம்பவத்துக்குப் பிறகு அவளிடம் அதைப் பற்றிப் பேசினேன். பொம்மை என்ன நிறம் என்று அவளுக்கு நினைவில்லை. வளையல் உடைந்தது நினைவிருக்கிறது என்றாள்.

குழந்தையை அடித்தால் அழுகை நிற்பது உண்மைதான். அது பயத்தால் நிற்பது. கோபம் வந்தால் பலசாலி அடிக்கலாம் என்பதைத்தான் அந்த நிமிடத்தில் குழந்தை நம்மிடமிருந்து கற்றுக்கொள்கிறது. நம் நாட்டில் 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில், பள்ளியில் குழந்தைகளை உடலளவில் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. சுவீடன் 1979-லேயே வீட்டுக்குள்ளும் அடிக்கக் கூடாது என்று சட்டம் செய்துவிட்டது. பள்ளியில் ஆசிரியர் கை ஓங்கினால் நியாயம் கேட்கப் போகும் அதே பெற்றோர், வீட்டிலும் கடைத்தெருவிலும் தாங்கள் அடிப்பதைக் கண்டிப்பு என்று சொல்லிக்கொள்வதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். நானே அப்படிச் சொல்லிக்கொண்டவள்தான்.

அடிக்கக் கூடாது என்று சொன்னால் உடனே, "அப்படியானால் கேட்டதை எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். நிதானம் வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. இல்லை என்று ஒரு முறை சொன்ன பொம்மையை, பத்து நிமிடம் கத்திய பிறகு வாங்கிக் கொடுத்தால், அடுத்த முறை குழந்தை பத்து நிமிடம் கத்தத் தயாராகவே வரும். சில நாள் கொடுத்து, சில நாள் மறுத்தால், அது இன்னும் மோசம். இன்றைக்குக் கிடைக்குமோ என்ற நம்பிக்கையில் அடம் நீண்டுகொண்டே போகும். ஆகவே முதலிலேயே யோசித்து, கொடுக்கக்கூடியதென்றால் அழுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கூடாததென்றால் கடைசிவரை கூடாதுதான். ஆனால் அந்தக் "கூடாது" கோபமில்லாத குரலில், தாழ்ந்த தொனியில், ஒரே வாக்கியமாக வர வேண்டும். குழந்தை கை ஓங்கினால் அந்தக் கையை மென்மையாக, ஆனால் உறுதியாகப் பிடித்துக்கொண்டு, "அடிக்க விடமாட்டேன்" என்று சொன்னால் போதும். கடித்தாலும், பொருளை எறிந்தாலும் அப்படித்தான். எல்லாம் அடங்கி, தண்ணீர் குடித்து, முகம் தெளிந்த பிறகு, நடந்ததை இரண்டு வாக்கியத்தில் பேசலாம். இரவு அப்பா வந்ததும் அவரிடம் புகாராக மறுபடியும் அதையே எடுத்து வைப்பது வேண்டாம்.

தாய்க்கோ தந்தைக்கோ கோபம் தலைக்கேறும் நாளும் உண்டு. காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, பேருந்தில் நின்றுகொண்டே கிண்டிக்கோ சோழிங்கநல்லூருக்கோ வேலைக்குப் போய்த் திரும்பி, இரவு எட்டு மணிக்குக் குழந்தையின் அடத்தைச் சந்திக்கும் பெண்ணிடம் பொறுமையாக இரு என்று சொல்வது எளிது. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் இன்னொருவர், "நீ கொஞ்சம் உள்ளே போ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று குழந்தையின் பக்கத்தில் வந்து அமர்வதுதான் உண்மையான உதவி. அப்படி மாற்றிக்கொள்ள ஆளில்லாத வீட்டில், குழந்தையைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு, அதன் கண்ணில் படும்படி இரண்டடி தள்ளி நின்று மூச்சை நிதானப்படுத்திக்கொள்வதில் தவறில்லை.

இங்கே என்னைப் போன்ற தாத்தா, பாட்டிகளிடம் ஒரு வார்த்தை. மகளோ மருமகளோ இல்லை என்று சொன்னதை நாம் பின்கட்டில் வைத்து இரகசியமாகக் கொடுத்துவிட்டு, "உங்க அம்மாகிட்ட சொல்லாதே" என்று சொல்வதுண்டு. அது பாசம்தான். ஆனால் அதனால் குழந்தைக்கு எந்தச் சொல்லை நம்புவது என்று தெரியாமல் போகிறது. ஒரு வீட்டில் இரண்டு சட்டம் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் குழந்தை அழுதுதான் பார்க்கும். எனக்கு உடன்பாடில்லாத விஷயமாக இருந்தாலும், குழந்தை தூங்கிய பிறகு மகளிடம் தனியாகப் பேசிக்கொள்வது என்று நான் இப்போது வழக்கப்படுத்திக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுதாகப் பழகவில்லை.

அழுகையை உடனே நிறுத்தக் கைபேசியைக் கொடுப்பது இன்று எல்லா வீட்டிலும் நடக்கிறது. உணவகத்திலும், மருத்துவமனைக் காத்திருப்பு அறையிலும், மெட்ரோ ரயிலிலும் தினமும் பார்க்கிறேன். அழுகை அந்த நொடியே நின்றுவிடும். ஆனால் கோபம் வந்தால் அது தானாகவே வடியும் என்பதைக் குழந்தை அனுபவித்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அதோடு போய்விடும். கைபேசியைத் திரும்ப வாங்கும்போது வரும் அடம் முன்னதைவிடப் பெரிதாக இருக்கும் என்பது கொடுத்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைகளுக்குத் திரை பார்க்கும் நேரம் நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது.

அடம் வந்த பிறகு சமாளிப்பதைவிட, வருவதற்கு முன்பே பாதியைத் தவிர்க்கலாம். ஃபுளோரன்ஸ் குட்எனஃப் என்ற உளவியல் ஆய்வாளர், தாய்மார்களைக் குழந்தைகளின் கோபத்தை நாள்தோறும் குறித்துவைக்கச் சொல்லி, 1931-லேயே அதை ஆராய்ந்து வெளியிட்டார். சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பும், உடல்நலமில்லாத நாட்களிலும், தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாளும் கோபம் கூடுகிறது என்று அந்தக் குறிப்புகள் காட்டின. மதிய வெயிலில், தூக்க நேரத்தில், வெறும் வயிற்றோடு குழந்தையைப் பாண்டி பஜாருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டு, ஏன் அழுகிறாய் என்று அதைக் கேட்பதில் நியாயமில்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதும் அதே 2019 வழிகாட்டுதலில் உள்ளதுதான். பையில் ஒரு வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் இருந்தால் பல அடங்கள் தொடங்குவதற்கு முன்பே அடங்கிவிடும். பூங்காவிலிருந்து கிளம்புவதற்குச் சற்று முன்னதாக, "இன்னும் மூணு தடவை சறுக்கிட்டு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவைப்பதும், "சிவப்புச் சட்டையா, மஞ்சள் சட்டையா?" என்று சின்ன விஷயங்களில் முடிவைக் குழந்தையிடமே விடுவதும் எங்கள் வீட்டில் பலன் தந்திருக்கின்றன. இப்போதெல்லாம் மாம்பலம் போனால், கூட்டம் இறங்கி முடியும்வரை மேலேயே ஓரமாக நின்றுவிட்டு, பிறகு பையனை அவன் இஷ்டப்படி இறங்க விடுகிறோம். நான்கு நிமிடம்கூட ஆவதில்லை.

சில குழந்தைகள் அழுது அழுது மூச்சை அடக்கி, உதடு நீலம் பாரித்து, நொடிப்பொழுது நினைவிழப்பதும் உண்டு. பார்ப்பவர்களுக்கு உயிரே போய்விடும். பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடும் என்றாலும், முதல் முறை அப்படி நேர்ந்ததும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். இரும்புச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளிடம் இது அதிகம் காணப்படுவதால், இரத்தப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்தாலே பலருக்குக் குறைந்துவிடுகிறது. அதுபோல, ஐந்து வயதாகியும் அடம் குறையாமல் கூடிக்கொண்டே போனாலும், குழந்தை தலையை மோதித் தன்னையே காயப்படுத்திக்கொண்டாலும், வயதுக்கேற்ற பேச்சு வரவில்லை அல்லது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று தோன்றினாலும், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடக் கூடாது. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது.

பேருந்திலோ கடைத்தெருவிலோ ஒரு குழந்தை கத்தி அழும்போது அருகில் இருக்க நேரும் வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள் என்பதுதான். போலீஸ் வரும், பூச்சாண்டி வரும், டாக்டர் ஊசி போடுவார் என்று சொல்லாதீர்கள்; நாளைக்கு வழிதவறினால் அந்தக் குழந்தை உதவி கேட்டுப் போக வேண்டியது அந்தக் காவலரிடம்தான். உதவ மனமிருந்தால் தாயின் கையிலுள்ள பையை வாங்கிக்கொள்ளுங்கள், இருக்கையைக் கொடுங்கள், போக வழி விடுங்கள். சாலையோரமோ நடைமேடை விளிம்போ ஆபத்தாக இருந்தால் மறைப்பாக நில்லுங்கள்.

மாநகராட்சியின் பொது சுகாதாரத் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி, 16 முதல் 24 மாதத்துக்குள் குழந்தைக்கு முத்தடுப்பு ஊக்க ஊசியும், தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணையும் போடப்படுகின்றன. அடம் தலைகாட்டத் தொடங்குவதும் சரியாக அந்த மாதங்களில்தான். ஊசி போட்ட பிறகு குழந்தைக்கு ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்ப்பதற்காக, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாய்மார்களைச் சிறிது நேரம் உட்கார வைக்கிறார்கள். தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் அந்த நேரத்தில் ஐந்து நிமிடம், இனி வரும் மாதங்களில் குழந்தை இப்படி அழும், அது நோயுமல்ல, உங்கள் வளர்ப்பின் குறையுமல்ல, அப்போது இப்படிச் செய்யுங்கள் என்று செவிலியர் எடுத்துச் சொல்லலாம். அதையே ஒரு பக்கத்தில் எளிய தமிழில் அச்சிட்டுத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துக் கொடுக்கலாம். உடன் வரும் பாட்டிகளையும் அருகில் உட்கார வைத்துச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற மழலையர் வகுப்பு ஆசிரியை,
நங்கநல்லூர், சென்னை.